வாசலில் கிழியும் சீட்டு

ஜனவரி 9

அன்புள்ள அண்ணாவுக்கும் அண்ணிக்கும்,

இங்கே நாங்கள் இருவரும் நலம். அண்ணியின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். உங்கள் காது எப்படி இருக்கிறது? போன முறை தொலைபேசியில் "உடம்பு எப்படி?" என்று நான் கேட்டதற்கு "ஆமா, நல்ல மழை" என்று சொன்னீர்கள். அன்றிலிருந்து இந்த வீட்டில் யார் எதைக் கேட்டாலும் அதுதான் பதில். நமக்குக் கடிதமே நல்லது. நாற்பது வருடம் அறிவியல் பாடம் நடத்தியவரிடம் என் வேலையைக் கத்திச் சொல்ல எனக்குத் தொண்டை இல்லை.

ஒரு நல்ல செய்தி. எங்கள் தொழிற்சாலை சலவைத் தூளில் கலக்கும் நொதியைச் செய்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். முட்டை, பால், ரத்தம் என்று புரதத்தால் ஆன எந்தக் கறையையும் வெட்டித் தள்ளும் நொதி அது. வேறொரு நுண்ணுயிரின் மரபணுவை எங்களுடைய சாதுவான பாக்டீரியாவுக்குள் வைத்து அதைச் செய்யவைக்கிறோம். அதுவும் செய்யும். ஆனால் செய்ததை வெளியே விடாமல் வயிற்றுக்குள்ளேயே கட்டி கட்டியாக அடைத்து வைத்துக்கொள்ளும். அந்தக் கட்டிக்குள் நொதி தூங்கிக்கொண்டிருக்கும், எதையும் வெட்டாது. பாக்டீரியாவை உடைத்து, கட்டியைக் கரைத்து, நொதியை எழுப்பி எடுப்பதற்குள் பாதி வீணாகிவிடும்.

இப்போது நான் அந்தப் புரதத்தின் தலையில் ஒரு சிறு துண்டைச் சேர்த்திருக்கிறேன். பாக்டீரியா தன் சொந்தச் சரக்கை வெளியே அனுப்பும்போது சேர்க்கும் அடையாளத் துண்டு அது. அதைக் கண்டதும் செல்லின் சவ்வில் உள்ள வாசல் திறக்கிறது. புரதம் நூல் மாதிரி நுழைகிறது. வாசலில் இருக்கும் கத்தரி அந்தத் துண்டை வெட்டிவிடுகிறது. வெளியே வந்த நூல் மடிந்து, உருவம் பெற்று, நொதியாக விழித்துக்கொள்கிறது. உள்ளே வைத்தது அந்நியச் சரக்கு என்று பாக்டீரியாவுக்குத் தெரியவே தெரியாது.

கீழ்த்தளத்தில் தொட்டி அறை உங்கள் மாப்பிள்ளையின் ராஜ்ஜியம். சின்னத் தொட்டியில் முதல் முறை ஓட்டிப் பார்த்தோம். பாக்டீரியா அடியில் படிந்ததும் மேலே நின்ற தெளிந்த நீரிலேயே நொதி. யாரையும் உடைக்க வேண்டியதில்லை. இவர் என்னைப் பார்த்து, "வீட்டுலதான் யாரையாவது வெளிய துரத்திட்டே இருப்ப, இப்ப ஆபீஸ்லயும் ஆரம்பிச்சிட்டியா?" என்றார்.

பதில் போடுங்கள்.

உங்கள் தங்கை

*

பிப்ரவரி 2

அன்புள்ள சின்னக்குட்டிக்கு,

உன் கடிதம் கிடைத்த அன்று முழுவதும் எனக்கு வகுப்பில் நிற்பது போலவே இருந்தது. உன் அண்ணிக்கு முழுவதையும் வாசித்துக் காட்டினேன். எனக்குக் கேட்காததால் ஊருக்கே கேட்கும்படி வாசிக்கிறேனாம். எதிர்வீட்டுக்காரர் கூட நொதி பற்றித் தெளிந்துவிட்டார்.

எனக்கு ஓர் உதாரணம் தோன்றியது. சரியா என்று சொல். கொட்டகையில் படம் பார்க்கச் சீட்டு வாங்குகிறோம். வாசலில் நிற்பவர் அதைக் கிழித்துக்கொண்டு உள்ளே விடுகிறார். அதற்குப் பிறகு சீட்டுக்கு வேலை இல்லை. உன் துண்டும் அப்படித்தான், ஆனால் இது வெளியே போவதற்கான சீட்டு. சீட்டு இருப்பவர் யார் என்று வாசல்காரர் முகத்தைப் பார்ப்பதில்லை. சரிதானே?

என் வகுப்பில் கடைசி பெஞ்சில் ஒரு பெண் இருந்தாள். எல்லோரும் தலையாட்டிய பிறகு எழுந்து ஒரு கேள்வி கேட்பாள். அவள் இருந்திருந்தால் இப்படிக் கேட்டிருப்பாள்: "சார், கொட்டகைக்குள்ள போனவன் நாற்காலியில உக்காருவான். வெளிய போனவன் எங்க போவான்?"

அண்ணிக்கு உன் நொதித் தூள் கொஞ்சம் வேண்டுமாம். சாப்பாட்டு மேசை விரிப்பில் முட்டைக் கறை ஒன்று என்னைவிடப் பிடிவாதமாக உட்கார்ந்திருக்கிறது. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

எப்போதும் உன் நலம் நினைக்கும்
அண்ணன்

*

மார்ச் 11

அன்புள்ள அண்ணா,

நாங்கள் சுகம். அண்ணிக்கு ஒரு பொட்டலம் இத்துடன் வருகிறது. கடைக்குப் போகும் தூளை மணி மணியாக உருட்டி மெழுகு பூசி அனுப்புவார்கள். இது அதற்கு முந்தைய சுத்தத் தூள். ஒரு சிட்டிகை போதும். கறை போன இடம் தெரியாது. அண்ணி கேட்டு நான் இல்லை என்று சொன்னதுண்டா?

உங்கள் சீட்டு உதாரணத்தை எங்கள் கூட்டத்தில் சொன்னேன். எல்லோருக்கும் பிடித்துவிட்டது. இப்போது ஆய்வகத்தில் அதன் பெயரே சீட்டுதான். மேலாளர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "இதனால தொட்டி அறையில ஏதாவது மாத்தணுமாம்மா?" "ஒண்ணும் மாத்த வேண்டாம் சார், அதே பாக்டீரியா, அதே நொதி" என்றேன். கைதட்டினார்கள்.

பெரிய தொட்டி போன வாரம் தொடங்கியது. மூன்று மாடி உயரம். அடியிலிருந்து காற்று ஊதிக்கொண்டே இருப்பதால் உள்ளே எப்போதும் கொதிப்பது போல் குமிழி. அந்தக் காற்று வெளியேறும் குழாயில் ஒரு சின்ன வால்வு இருக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் இவர் அதைத் திறந்து மோந்து பார்ப்பார். வேண்டாத கிருமி புகுந்திருந்தால் கருவி காட்டுவதற்கு முன் இவர் மூக்கு சொல்லிவிடும். அதனால் தொழிற்சாலையில் இவருக்கு 'மூக்கர்' என்று பெயர். "பால் கெடுறதுக்கு முன்னாடி, கெடலாமான்னு அது யோசிக்கிற வாசனையே எனக்கு வரும்" என்பார்.

முதல் நாள் நானும் கீழே போனேன். எனக்கு ஆசை தாங்கவில்லை. "உங்க மூக்கு என்ன சொல்லுது என் பிள்ளையைப் பத்தி?" என்றேன். வால்வைத் திறந்து, கண்ணை மூடி, நன்றாக இழுத்து மோந்தார். "ஈர மண்ணு வாசனை. சுத்தம். ஒரு குறையும் இல்ல" என்றார். அந்த நிமிடம் பரிசு வாங்கிய மாதிரி இருந்தது அண்ணா.

இவருக்குக் கொஞ்சம் ஜலதோஷம். மற்றபடி விசேஷம் இல்லை.

உங்கள் தங்கை

*

ஏப்ரல் 4

அன்புள்ள சின்னக்குட்டிக்கு,

முட்டைக் கறை காலி. அண்ணி அதோடு நிற்கவில்லை. தலையணை உறை, என் பழைய சட்டைக் காலர், சமையலறைத் துணி எல்லாவற்றுக்கும் உன் தூள்தான். மூடியில் துளை போட்ட டப்பாவில் கொட்டி வைத்துக்கொண்டு, முகத்துக்குப் பவுடர் போடுவது போல் எல்லாவற்றின் மேலும் தட்டுகிறாள். "உங்க தங்கச்சி அனுப்பினதுல உருப்படியானது இதுதான்" என்கிறாள். போன வருடம் நீ அனுப்பிய கம்பளிச் சட்டையை மறந்துவிட்டாள். நான் ஞாபகப்படுத்தவில்லை.

மாப்பிள்ளையின் ஜலதோஷம் போய்விட்டதா?

கடைசி பெஞ்சுப் பெண்ணுக்கு நீ இன்னும் பதில் சொல்லவில்லை. அவள் நின்றுகொண்டே இருக்கிறாள்.

அண்ணன்

*

மே 20

அன்புள்ள அண்ணா,

தாமதத்துக்கு மன்னிக்கவும். வேலை அதிகம். உற்பத்தி இரண்டு மடங்காகிவிட்டது. என்னைப் பிரிவுத் தலைவி ஆக்கியிருக்கிறார்கள். தனி அறை, ஜன்னலோடு. இவர் நலம். அடுத்த மாதம் விடுமுறை எடுத்துக்கொண்டு அங்கே வருகிறோம். இவருக்கும் கொஞ்சம் ஓய்வு வேண்டும்.

அண்ணி இன்னும் அந்தத் தூளைப் பயன்படுத்துகிறார்களா? தீர்ந்திருந்தால் போகட்டும். இனிமேல் அனுப்ப முடியாது. வெளியே எடுத்துவரக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

மற்றவை நேரில்.

தங்கை

*

ஜூன் 28

அன்புள்ள சின்னக்குட்டிக்கு,

நீங்கள் பத்திரமாக ஊர் சேர்ந்திருப்பீர்கள். இரண்டு பேரும் கிளம்பிய பிறகு வீடு விடுமுறைவிட்ட பள்ளிக்கூடம் மாதிரி கிடக்கிறது. நீங்கள் இருந்த வரை துவைக்காமல் மூட்டை கட்டி வைத்த துணியை அண்ணி இப்போதுதான் டப்பாவும் கையுமாக எடுத்திருக்கிறாள்.

மற்றவை நேரில் என்று எழுதியிருந்தாய். நேரில் நீ ஒன்றும் சொல்லவில்லை. அதனால் நான் பார்த்ததை எழுதுகிறேன்.

நீங்கள் வந்த அன்று மாப்பிள்ளை சாப்பாட்டு மேசையில் எனக்கு எதிரில் உட்கார்ந்திருந்தார். எனக்கு இருமல் சத்தம் கேட்காது. ஆனால் அவர் முன்னால் இருந்த டம்ளரில் தண்ணீர் வட்டம் வட்டமாக அதிர்ந்துகொண்டே இருந்தது. அதைப் பார்த்துத்தான் நிமிர்ந்தேன். வாயைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, மேசையில் முழங்கையை ஊன்றி இருமிக்கொண்டிருந்தார். நீ அவரைப் பார்க்கவில்லை. தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

அடுப்பில் பால் தீய்ந்து எனக்கே மூக்கு எரிந்தபோது அவர் அடுப்படியிலேயே நின்று பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கேட்டதற்கு, "மூக்கு எனக்கு முன்னாடியே ரிடையர் ஆயிடுச்சு மச்சான்" என்று சிரித்தார்.

ஆனால் போகப் போகத் தேறினார். கடைசி நாட்களில் மொட்டைமாடி ஏறித் தண்ணீர்த் தொட்டி மூடியைச் சரிசெய்தார். எங்கள் ஊர்க் காற்றின் பெருமை என்று நானும் மீசையை முறுக்கிக்கொண்டேன். கிளம்பும் நாள் காலையில் பெட்டியிலிருந்து வேலைக்குப் போடும் மேல்சட்டையை எடுத்து உதறினார். டம்ளர் மறுபடி ஆடியது.

நான் மருத்துவன் இல்லை. ஆனால் சோதனை செய்து பார்க்கப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவன். ஒரு பொருளை விலக்கினால் விளைவு போகிறது. திரும்பச் சேர்த்தால் விளைவு வருகிறது. பிறகு என்ன சந்தேகம்? பழைய தொட்டியின் காற்றை வருடக்கணக்காக மோந்த மனிதர் இவர். அப்போது ஒன்றும் ஆகவில்லை. அப்போது உன் நொதி உள்ளே தூங்கிக்கொண்டிருந்தது.

இப்போது கடைசி பெஞ்சுப் பெண் கேட்கவில்லை. நான் கேட்கிறேன். வெளியே போனது எங்கே போகிறது?

அண்ணன்

*

ஆகஸ்ட் 17

அன்புள்ள சின்னக்குட்டிக்கு,

உன் பதில் வரவில்லை. கோபமா? நான் அதட்டி எழுதியிருந்தால் அது வாத்தியார் பழக்கம், மன்னித்துவிடு.

இங்கே புதிதாக ஒன்றும் இல்லை. அண்ணி பக்கத்து அறைக்குப் படுக்கையை மாற்றிக்கொண்டுவிட்டாள். என் குறட்டை தாங்க முடியவில்லையாம். காது கேட்காதவன் குறட்டைக்கு யார் சாட்சி? இருக்கட்டும்.

ஒரே ஒரு வரியாவது எழுது. மாப்பிள்ளை எப்படி இருக்கிறார்?

அண்ணன்

*

செப்டம்பர் 6

அன்புள்ள அண்ணா,

உங்கள் மேல் கோபம் இல்லை. இவர் மருத்துவமனையில் இருக்கிறார். தொட்டி அறைப் படிக்கட்டில் மூச்சு அடைத்து உட்கார்ந்துவிட்டார். மருத்துவர் "என்ன வேலை பாக்குறீங்க?" என்று கேட்டார். இவர் ஆக்சிஜன் முகமூடியை விலக்கி, "மோந்து பாக்குற வேலை டாக்டர்" என்றார். மருத்துவர் சிரிக்கவில்லை.

நீங்கள் கேட்டதற்கு மே மாதமே எனக்குப் பதில் தெரியும்.

பால் கலந்த வெள்ளைக் கூழைத் தட்டில் ஊற்றி உறையவைப்போம். நொதி பட்ட இடத்தில் பாலின் புரதம் கரைந்து கண்ணாடி போலத் தெளியும். அப்படி ஒரு தட்டைத் தொட்டி அறையில் இவர் உட்காரும் முக்காலியில் திறந்து வைத்தேன். மறுநாள் பார்த்தபோது, தூறலில் நனைந்த தரை மாதிரி தட்டு முழுக்கத் தெளிந்த புள்ளிகள். தொட்டியில் குமிழி உடையும்போதெல்லாம் துளி தெறிக்கிறது. காற்று அதைத் தூக்கிக்கொண்டு வருகிறது. முன்பு அந்தத் துளியில் தூங்கும் கட்டிதான் இருந்தது. இப்போது விழித்திருக்கும் நொதி.

மேலாளரிடம் தட்டை எடுத்துப் போனேன்.

"அதே பாக்டீரியா, அதே நொதின்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றார்.

"இடம் மாறியிருக்கு சார். உள்ள இருந்தது வெளிய வந்திருக்கு. காத்து வெளிய போற குழாய்க்கு நல்ல ஃபில்டர் போடணும், அந்த வால்வை அடைக்கணும்."

"அதுக்கு தொட்டியை நிறுத்தணுமே. கையில இருக்கிற ஆர்டர் முடியட்டும்மா. அதுவரைக்கும் மூக்கரை லேசா மோக்கச் சொல்லுங்க."

நான் என் அறைக்குத் திரும்பிவிட்டேன் அண்ணா. ஜன்னல் உள்ள அறைக்கு. இவரிடம் "கொஞ்ச நாள் லீவு போடுங்க" என்று மட்டும் சொன்னேன். ஏன் என்று சொல்லவில்லை. சொன்னால் அந்த முதல் நாளைப் பற்றியும் பேச வேண்டிவரும். "உங்க மூக்கு என்ன சொல்லுது?" என்று கேட்டது நான். நன்றாக இழுத்து மோந்தது எனக்காக.

இன்னொரு தட்டையும் வைத்தேன். வீட்டில், இவர் சட்டை மாட்டும் ஆணிக்குக் கீழே. அதிலும் புள்ளிகள்.

அண்ணி நலமா? அண்ணியைப் பற்றி விவரமாக எழுதுங்கள்.

தங்கை

*

அக்டோபர் 13

மச்சானுக்கு,

வணக்கம். மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். நான் கடிதம் எழுதிப் பழக்கம் இல்லாதவன். பிழை இருந்தால் சிவப்பு மையால் திருத்திக்கொள்ளுங்கள்.

உங்கள் தங்கை செய்ததைச் சொல்ல வேண்டும். நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது என் இடத்தில் வேறு ஓர் ஆளை வால்வுக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்தார்கள். அவன் என்னைப் பார்க்க வந்தபோது இருமினான். அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். எழுந்து போனாள். தொட்டி அறையில் எல்லோரும் பார்க்கக் காற்றை நிறுத்தி, நீராவி வால்வை முழுக்கத் திறந்துவிட்டாளாம். மூன்று மாடித் தொட்டி, அத்தனையும் வெந்து செத்தது. மேலாளர் ஓடி வந்து, "இது உங்க பிள்ளைம்மா, நீங்களேவா" என்றாராம். "பிள்ளைன்னா நான்தானே சார் கண்டிக்கணும்" என்றாளாம். இப்போது இரண்டு பேரும் வீட்டில்தான். என்னால் மாடிப்படி ஏற முடியவில்லை. அவளுக்கு வேலை இல்லை. வாழ்க்கை சமதளத்தில் போகிறது.

அவள் எனக்குச் சொல்லாமல் இருந்ததைப் பற்றி வருந்துகிறாள். எனக்கு ஜூனிலேயே புரிந்தது. அவளாகச் சொல்லட்டும் என்று இருந்தேன். இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு வாயை மூடியிருந்தோம், மூக்கைத் திறந்து வைத்துக்கொண்டு.

இப்போது முக்கியமான விஷயம். மருத்துவர் சொன்னார்: உடம்பு ஒரு முறை இதை எதிரி என்று தெரிந்துகொண்டால் பிறகு மறக்காது, அதற்குப் பின் ஒரு சிட்டிகை கூட ஆகாது என்று. அதைக் கேட்டதிலிருந்து உங்கள் தங்கை சரியாகச் சாப்பிடுவதில்லை. உங்கள் வீட்டு அக்காவுக்கு அனுப்பிய பொட்டலம்தான் காரணம். உங்களுக்கு எழுத உட்காருகிறாள், பேனாவை மூடிவிட்டு எழுந்துவிடுகிறாள். அதனால் நான் எழுதுகிறேன். அந்த டப்பாவை அசைக்காமல், திறக்காமல், ஈரத் துணியில் சுற்றி வெளியே வையுங்கள். அக்கா அதைத் தொட வேண்டாம். அக்காவுக்கு ஒன்றும் இல்லைதானே? உடனே எழுதுங்கள்.

மாப்பிள்ளை

*

நவம்பர் 1

என் செல்லக் குட்டிக்கு அண்ணி எழுதுவது,

நான் உனக்கு எழுதும் முதல் கடிதம் இது. உன் அண்ணன் நூலகத்துக்குப் போயிருக்கிறார். அவர் வருவதற்குள் முடித்துத் தபாலில் போட்டுவிட வேண்டும்.

மாப்பிள்ளையின் கடிதத்தையும் வழக்கம்போல் ஊருக்கே கேட்கும்படி வாசித்தார். வாசித்து முடித்து, "உனக்கு ஒண்ணும் இல்லையே?" என்றார். "எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்" என்றேன். டப்பாவை மாப்பிள்ளை சொன்ன மாதிரியே சுற்றி வெளியே வைத்துவிட்டோம். அது பாதி காலி.

குட்டி, ஜூலையிலிருந்து எனக்கு இருமல். முதலில் தும்மல்தான். டப்பாவைத் தட்டும்போது வரும், பிறகு நின்றுவிடும். பிறகு நிற்கவில்லை. படுத்தால் நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துகிற மாதிரி ஒரு சத்தம். குறட்டை என்று சொல்லி அறையை மாற்றிக்கொண்டது அதற்காகத்தான். அவருக்குக் கேட்காது என்றாலும் கட்டில் ஆடுவது தெரிந்துவிடும் இல்லையா. உன் செப்டம்பர் கடிதத்தை அவர் வாசித்தபோது எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவர் முன்னால் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தேன், படிக்காமல் வந்த பிள்ளை மாதிரி.

இதை உனக்குச் சொல்லாமல் விடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் நீயும் சொல்லவில்லை, மாப்பிள்ளையும் சொல்லவில்லை, என்ன ஆயிற்று என்று பார்த்தோமே. அதனால் எழுதுகிறேன். எந்த மருத்துவரிடம் போக வேண்டும், அவரிடம் என்ன சொல்ல வேண்டும் என்று எனக்கு எழுது. என் பேருக்கே எழுது. பக்கத்து வீட்டு அம்மாவுக்கும் கொஞ்சம் தூள் கொடுத்திருந்தேன். அதைத் திரும்ப வாங்கிவிட்டேன். அவள் நன்றாகத்தான் இருக்கிறாள் என்று நினைக்கிறேன். நேற்றுத் துணி காயப்போட வரவில்லை.

உன்மேல் எனக்கு வருத்தம் இல்லை. கேட்டது நான்தானே.

அவருக்கு இப்போது தெரிய வேண்டாம் என்று நினைத்திருந்தேன். இன்று காலை மேசையில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு இருமினேன். இருமி முடித்து நிமிர்ந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. நடுவில் இருந்த டம்ளர் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். அது ஆடி அடங்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு எழுந்து, ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டு, நூலகத்துக்கு என்று சொல்லி வெளியே போனார். நூலகம் இன்று விடுமுறை என்பது இப்போதுதான் ஞாபகம் வருகிறது.

அண்ணி